சமாதானம் சொன்னவள்

துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற அன்று காலை எங்கள் சபை ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். (நெல்லைப் பக்கத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்பதும் தேவாலயத்தைக் கோயில் என்பதும் வெளியூர்த் தோழிகளுக்கு இன்னமும் வேடிக்கைதான்.) அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலொமோனுக்குக் கொடுத்த ஞானத்தை இந்த மகளுக்கும் கொடுக்க வேண்டும், எல்லாரோடும் சமாதானமாக இருந்து இவள் இந்தப் பணியை நிறைவேற்ற வேண்டும் என்று ஐயர் வேண்டிக்கொண்டார். எனக்கு முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேரும் ஆண்கள். அவர்களுக்காக ஜெபித்தவர்களும் சமாதானம்தான் கேட்டார்களா, இல்லை தைரியமும் திறமையும் கேட்டார்களா என்று பின்னால் யோசித்ததுண்டு. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.

ஐயர் போனதும் அம்மா சொன்னாள்: "ஏட்டி, ஆண்டவர்ட்ட கேக்காம ஒரு கையெழுத்தும் போடாத."

கேட்டேன். கல்லூரி அறையைத் திறந்ததும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவேன். அதன்பிறகுதான் கோப்புகள். தலைமை என்ற சொல்லுக்குள் என்ன இருக்கும் என்று கவிதைக்காரியாக நான் கற்பனை செய்திருந்தது வேறு. உள்ளே இருந்தது கால அட்டவணை, தேர்வு மேற்பார்வைப் பட்டியல், நாக் கமிட்டிக்கான ஆவணங்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே நனையும் புத்தக அலமாரி, மூன்றே முக்கால் பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச் சேர முடியாதவருக்கு எந்தப் பீரியட் ஒதுக்குவது என்ற கேள்வி. இதற்கெல்லாம் சாலொமோன் வேண்டியதில்லை. பென்சிலும் ரப்பரும் போதும்.

இரண்டாம் வருடம் நவம்பரில் அந்தக் கடிதம் வந்தது.

அவள் சுயநிதிப் பிரிவில் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம், ஏப்ரலில் முடிவு. மே மாதம் அவளுக்குப் பசிக்காது என்று நிர்வாகம் ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தது. சிலப்பதிகாரம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள். இசக்கியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அந்த அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கல்யாணமாகி ஏழாவது வருடம் உண்டாகியிருந்தாள். ஆறு மாத வயிற்றோடு எங்கள் காலை ஜெபத்தில் மற்றவர்களோடு எழுந்து நிற்பாள்; உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள்.

அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசியவர் மிகவும் மென்மையாகத்தான் பேசினார். "அவங்கள நாங்க போகச் சொல்லல, மேடம். அடுத்த செமஸ்டர்ல உங்க டிபார்ட்மெண்ட்ல வொர்க்லோடு குறையுதுன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. குழந்தை பிறந்து செட்டிலானதும் ஜூன்ல பாத்துக்கலாம். சமாதானமா முடிஞ்சிரும்." பணிப்பளு குறைந்தால் ஒப்பந்தத்தை இடையிலேயே நிறுத்தலாம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்குத்தான் என் கையெழுத்து தேவைப்பட்டது.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முதலாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜெபித்தேன். மனதார ஜெபித்தேன், இதை நான் மறைக்கப்போவதில்லை. அரைமணி நேரத்தில் சமாதானம் வந்தது. காய்ச்சல் இறங்கும்போது உடம்பு இளகுமே, அந்த மாதிரி. நான் எதிர்த்தால் மற்ற நான்கு தற்காலிகப் பெண்களுக்கும் இடைஞ்சல் வரும். எப்படியும் அவளுக்கு ஓய்வு வேண்டும். ஜூன் ஒன்றும் தூரமில்லை. காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன. இதுதான் பதில் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவள் என் அறைக்கு வந்தாள். திருத்தி முடித்த விடைத்தாள் கட்டுகளை மேஜைமேல் வைத்தாள். கூட்டல் எல்லாம் சரிபார்த்து, ரப்பர் பேண்ட் போட்டு, வகுப்பு வாரியாக அடுக்கியிருந்தாள்.

"மேம், ஜெபம் பண்ணிட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

குத்தலே இல்லை அந்தக் குரலில். காலைதோறும் நான் கண்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"சரி மேம்" என்றாள். போய்விட்டாள். ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன்.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குச் சமாதானம் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கோயிலில் அது தேவன் தருவது. தெருவில் அது சண்டைக்குப் பிறகு வருவது. வீட்டில் அழுகிற பிள்ளையின் வாயை மூடுவதற்கும் அதே சொல்தான்: சமாதானப்படுத்து. தப்புச் செய்தவர் அடுக்குகிற சாக்குக்கும் அதே சொல்: சமாதானம் சொல்லாதே. அன்று விடியற்காலை எனக்கு வந்தது இவற்றில் எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நான்கும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

கால அட்டவணைக்கு மட்டும் ஒரு அர்த்தம்தான். பல்கலைக்கழக மானியக் குழு கணக்கில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். அவள் எடுத்துக்கொண்டிருந்தது 22. அவள் போனபிறகு அந்த 22 மணி நேரமும் காற்றில் கரைந்துவிடவில்லை. நான்கு பேருக்குப் பங்கிட்டு, கட்டங்களில் பென்சிலால் எழுதியவள் நான். பணிப்பளு குறைந்தது என்று எழுதிய அதே கை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது, 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்பதை நான் மார்ச் 8 கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை பார்த்த பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். கைதட்டு விழும் இடம் அது. கைதட்டிய மாணவிகள் சிலருக்கு அந்த டிசம்பரில் சிலப்பதிகாரம் பாதியில் நின்றது.

கொஞ்ச நாள் பைபிளைத் திறக்கவே பிடிக்கவில்லை. திறந்தபோது சாலொமோன் பக்கம் போகாமல் இரண்டாம் சாமுவேல் இருபதாம் அதிகாரத்தில் போய் நின்றேன். ஞாயிறு பிரசங்கத்தில் அதிகம் வராத கதை. கலகக்காரனான சேபாவைத் துரத்திக்கொண்டு வரும் தளபதி யோவாப், அவன் ஒளிந்திருக்கும் ஆபேல் என்ற ஊரின் மதிலை இடிக்கத் தொடங்குகிறான். ஊருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்துத் தளபதியை அருகே கூப்பிடுகிறாள். ஞானமுள்ள பெண் என்று வேதம் அவளைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. ஒரு தாயான நகரத்தை அழிக்கலாமா என்று கேட்கிறாள். பேச்சு நடக்கிறது. ஊர் பிழைக்கிறது. சேபாவின் தலையை வெட்டி மதிலுக்கு வெளியே போடுகிறார்கள், எக்காளம் ஊதுகிறது, படை கலைகிறது.

பெண் தலைமைக்கு உதாரணமாக இந்தக் கதையை நானே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். அப்போது அந்தத் தலையை வேகமாகத் தாண்டிப் போவேன். இந்த முறை தாண்ட முடியவில்லை. சேபாவாவது கலகம் செய்தான். நான் மதிலுக்கு வெளியே போட்டது, விடைத்தாளை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கிவைத்த ஒருத்தியை.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய பழைய கோயில் இருக்கிறது. 1785இல் பிரதிஷ்டையானது, ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமாகாமல் வாழ்ந்ததால் ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபிறகு 1778இல் கொடுத்தார். கதவு சாத்தப்பட்டவள்தான் பிறகு ஒரு சபையையே எழுப்பினாள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, அதன் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா பொறுப்பேற்க 2013 வரை ஆனது. "அதான் பிஷப்பே ஆயாச்சே, இன்னும் என்ன?" என்று எங்கள் சேகரக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்பார். நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது என்று நானும்தான் நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும், நாற்காலி ஆளைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும்.

சாலொமோனிடம் மறுபடி போனேன். கனவில் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் கேட்டது, எபிரேயச் சொற்படி, கேட்கிற இருதயம் என்று படித்தேன். நம் மொழிபெயர்ப்பில் அது ஞானமாகிவிட்டது. தமிழில் கேட்டல் என்றால் வேண்டுவதும் அதுவே, காது கொடுப்பதும் அதுவே. வள்ளுவரும் கல்விக்குப் பக்கத்தில் கேள்விக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். வகுப்பில் இதைப் பத்து வருடம் நடத்தியவள், கையெழுத்துப் போடும் முன் கடவுளிடம் கேட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பிலும் அப்படித்தான்: வாளைக் கொண்டுவரச் சொன்னது அரசன், பிள்ளை அவளுக்கே போகட்டும், கொல்லாதீர்கள் என்று கதறியது ஒரு வேசி. அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் சாலொமோனின் ஞானம் என்ன ஆகியிருக்கும்? பேர் மட்டும் அவனுக்கு.

மூன்றாம் வருடம் இன்னொரு இளம் விரிவுரையாளர் நான்காம் மாதத்தில் என்னிடம் வந்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் மேம் என்று அழுதாள். இந்த முறை ஜெபம் பிறகு என்று விட்டுவிட்டேன். நூலகப் படிக்கட்டில் அவளோடு உட்கார்ந்து, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டேன். அவளுக்கு வேண்டியது எளிமையானது: சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் அதே வேலை. கடிதம் கேட்டு ஆள் வந்தபோது கால அட்டவணையை இணைத்து, பணிப்பளு கூடியிருக்கிறது, குறையவில்லை என்று எழுதி, சட்டத்தின் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவு ஜெபித்தேன். சமாதானம் வரவில்லை. பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை, எதைத் தின்றாலும் நெஞ்சைக் கரித்தது. கடைசியில் மூன்று மாத விடுப்பு கிடைத்தது, அதிலும் பாதிக்குத்தான் சம்பளம். வேலை அவளுக்கே இருந்தது. சுழற்சி முறையில் என் பொறுப்பு அந்த மே மாதம் முடிந்தது. நான் சமாதானமாகப் போகிறவள் இல்லை என்று கமிட்டியில் யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

முதலாமவளைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டரை வருடம் ஆயிற்று. போனில் வரலாமா என்று கேட்டேன். "வாங்க மேம்" என்றவள், சிறிது பொறுத்து, "வரும்போது அந்த வருஷ டைம்டேபிள் ரெண்டையும் கொண்டாங்க. நான் இருந்தப்ப போட்டது, போனப்புறம் போட்டது" என்றாள். வக்கீல் ஒருவரிடம் பேசியிருப்பதாகவும் சொன்னாள்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பெண் பிள்ளை, இரண்டு வயது, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு என்னை அளந்து பார்த்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆரம்பித்தேன்: "அன்னைக்கு எனக்கு என்ன தோணுச்சுன்னா..."

"சமாதானம் சொல்லாதீங்க மேம். காப்பி ஆறுது."

குடித்தேன். பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலால் கட்டம் கட்டமாக எண்ணினாள். 22 சரியாக வந்தது. பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினாள். நான் அன்று எழுதியது உண்மையில்லை என்று எழுதித் தர வேண்டும். பேனாவைத் திறந்தேன். பிள்ளை ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அவள் எழுந்துபோய் வேறு பேனா கொண்டுவந்தாள்.