விடுதலை வாங்கிய பயறு

கௌபி என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது ஒரே முறைதான்: இரவில் ஊறவிட்டு, காலையில் அவித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து உண்பது. தமிழகத்தார் காராமணி என்றழைக்கும் இப்பயற்றின் வேறொரு பெருமையை, பிறேசில் நாட்டின் சல்வடோர் நகரிலே நாம் கண்டறிந்தோம்.

1549 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அமைத்த துறைமுக நகரம் அது. மாலை வேளையில் றியோ வெர்மேல்யோ என்னும் கடலோரப் பகுதியை அடைந்தபோது, எண்ணெய் காயும் மணம் எம்மை வரவேற்றது. வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் மணிமாலைகளும் அணிந்த அம்மையார் ஒருவர் தாச்சியின் முன் அமர்ந்திருந்தார்.

அவர் பொரித்தது 'அக்கராஜே' என்னும் பண்டம். காய்ந்த கௌபியை உடைத்து ஊறவைத்து, தோலையும் கறுத்தக் கண்ணையும் கழுவி நீக்கி, வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைக்கிறார்கள். பின்னர் மரக்கரண்டியால் நெடுநேரம் அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் காற்றுப் புகுந்து மா நுரைபோற் பொங்குகிறது. அதனைச் செம்பனை எண்ணெயிலே பொரித்தெடுத்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. எம் உழுந்து வடைக்கு உடன்பிறப்பென்றே சொல்லலாம். அதைப் பிளந்து, உலர்ந்த இறால் முதலியவற்றை வைத்துத் தருகிறார்கள். அதே மாவை வாழையிலையிற் பொதிந்து ஆவியில் அவித்தால், அது 'அபரா'.

"சூடாக வேண்டுமா?" என்று அம்மையார் வினவ, நாம் தலையசைத்தோம். அங்கே சூடு என்பது மிளகாயைக் குறிக்கும் என்பது, கண்ணீர் பெருகிய பின்னரே விளங்கிற்று!

இச்சமையல், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்ட யொரூபா மக்களோடு கடல் கடந்து வந்தது. நைஜீரியாவிலே இதனை இன்றும் 'அக்கரா' என்பர். சல்வடோரின் தெருக்களில் அடிமைப் பெண்கள் இத்தகைய பண்டங்களை விற்றனர். எசமானருக்குரிய பங்கு போக எஞ்சிய சில்லறையைச் சேர்த்து, அவர்களுட் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர். அடிமைமுறை அங்கே ஒழிந்ததோ 1888 இலேதான். அப்பெண்களின் வழிவந்த இத்தொழிலைப் பிறேசில் அரசு 2005 ஆம் ஆண்டில் தேசியப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது.

ஊர் திரும்பியதும் நாமும் முயன்றோம். முதல் நாள் வடை கல்லாயிற்று. அடிப்பதிற் காட்டிய சோம்பலே காரணம். மறுநாள் கை வலிக்க அடித்து, தேங்காயெண்ணெயிற் பொரித்து, சம்பலோடு பரிமாறினோம். அவித்த கௌபியைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் இன்னுமொன்று கேட்டனர். கொடுக்குமுன், அதனை விற்று விடுதலை பெற்ற பெண்களின் கதையையும் சொல்லிவைத்தோம்.