உழைப்பு வேறு, ஓட்டம் வேறு!

நாயுடுபுரத்தில் காலை நேரத்தில் ஒருவர் ரோட்டில் ஓடினால், ‘யாரோ சுற்றுலா வந்தவர்’ என்றுதான் ஊர் நினைக்கும். பளிச்சென்ற சட்டையும் ஷூவுமாகக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்களை இங்கே பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆனால், மூன்று வருடமாக அந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பவர், வில்பட்டி ரோட்டோரம் ஒன்றரை ஏக்கரில் பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றி மாற்றி வெள்ளாமை செய்கிற உள்ளூர் விவசாயி. வயது 44. ‘என்ன மாப்ள, பேங்க்காரன் துரத்துறானா?’ என்று ஆரம்பத்தில் அவரைக் கேட்காத ஆளில்லை.

துரத்தியது பேங்க் இல்லை, சர்க்கரை. ஒரு மருத்துவ முகாமில் ரத்தம் கொடுத்தபோது, மூன்று மாத சராசரி 6.3 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால், சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். 6.5 ஆகிவிட்டால் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதாகி, கடைசி ஆறு வருடம் தோட்டத்துப் படிகளில் இறங்க முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் 6.3 என்ற எண்ணைப் பார்த்ததும் மகனுக்கு வயிற்றைக் கலக்கியது. ‘தினமும் உடற்பயிற்சி செய்யுங்க’ என்று டாக்டர் சொன்னதும்தான் கோபம் வந்தது. ‘பூண்டு மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறுறவன் சார் நான். எனக்கா உடற்பயிற்சி?’

காட்டிலும் வயலிலும் உழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. அவருக்குப் பதில் கிடைத்தது ஏரிக்கரையில். ஏரியைச் சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். முதல் நாள் பாதிகூட ஓட முடியவில்லை. விலா பிடித்துக்கொண்டது, வாய் உலர்ந்துவிட்டது. நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு இருபது நிமிடம் ஓட முடியவில்லை!

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தோட்ட வேலை விட்டு விட்டு நடப்பது. பத்து நிமிடம் கொத்துகிறோம், நிமிர்ந்து நிற்கிறோம், வெற்றிலை போடுகிறோம். முதுகும் தோளும் உரம் ஏறும். ஆனால், இதயம் ஒரே சீராக ஒரு மணி நேரம் வேகமாகத் துடிக்கிற வேலை அங்கே குறைவு. ஓட்டம் அப்படியில்லை. ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதுவும் நிற்காமல் ஆயிரக்கணக்கான தடவை. மூட்டை தூக்குகிற கால் அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

விவசாயி ஓடி ஜெயித்த கதை என்றால் எல்லோரும் சொல்வது ஆஸ்திரேலியாவின் கிளிஃப் யங் கதையைத்தான். அவரும் நம் மலைக்காரர்களைப்போல உருளைக்கிழங்கு போட்டவர். 1983-ல், 61 வயதில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரைக்கும் 875 கிலோமீட்டர் ஓட்டத்தில் தன்னைவிட வயதில் மிகவும் இளையவர்களைத் தோற்கடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 5 நாள், 15 மணி, 4 நிமிடம். கிடைத்த 10,000 டாலர் பரிசையும் கூட ஓடியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். ‘ஆடு துரத்திய ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார், ஜெயித்தார்’ என்று இந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்துவிட்டார்கள். உண்மையில், அதற்கு முன்பே பல மாதம் மலைப் பகுதியில் பயிற்சி எடுத்து, 1982-ல் ஆயிரம் மைல் ஓட்டம் ஒன்றை முயன்று, பாதியில் நின்றவர் அவர். அந்தத் தோல்வியையும் பயிற்சியையும் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்களைக் கெடுப்பது இந்த விடுபட்ட பாதிதான்.

நாயுடுபுரத்துக்காரரையும் அதுதான் கெடுத்தது. ஒரு மாதத்திலேயே மூச்சு பழகிவிட்டது, ஏரியை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார். உடனே ஆசை வந்துவிட்டது. வில்பட்டி பக்கம் இறங்குகிற ரோட்டில் சரசரவென்று ஓடி இறங்குவது, திரும்ப ஏறுவது என்று வாரத்தில் ஆறு நாள் ஓடினார். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். முட்டியையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம். நுரையீரல் சில வாரத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற நாண்கள் பழகப் பல மாதம் ஆகும். மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடினால் முட்டி போய்விடும்.

போயிற்று. அதுவும் பூண்டுப் பல் ஊன்றுகிற நேரத்தில். குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. பதினைந்து நாள் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதாகிவிட்டது. ‘ஏங்க, வடுகபட்டி மார்க்கெட்ல பூண்டு என்ன விலைக்குப் போகும்னு நமக்கே தெரியாது. இதுல ஷூவுக்கு ஒரு செலவு, கூலிக்கு ஒரு செலவா? நம்ம வீட்ல இருக்கிற டிராக்டர் உங்க உடம்புதான். அதை உடைச்சுட்டு வந்து நின்னா என்ன பண்றது?’ என்று அவர் மனைவி கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் வந்த பிறகும் ஊன்றுவது, களை எடுப்பது, அறுவடை செய்வது எல்லாம் கைவேலைதான். படி படியாக இருக்கிற நிலத்தில் டிராக்டர் எங்கே இறங்கும்?

அதன் பிறகுதான் அவர் பயிற்சியை வெள்ளாமைபோலப் பார்க்க ஆரம்பித்தார். ஒரே நாளில் ஒரு மூட்டை உரத்தைக் கொட்டினால் பயிர் கருகும் என்று தெரிந்தவருக்கு, இது புரியாமல் போனதுதான் ஆச்சர்யம். வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஓட்டம். மூன்று நாள் பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேசுகிற அளவுக்கு மெதுவாக. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நான்காவது நாள் நீண்ட ஓட்டம். அந்தத் தூரத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுவது, நான்காவது வாரம் குறைத்துவிடுவது. கேரட் பிடுங்கி மூட்டை கட்டுகிற நாளில் ஓட்டம் கிடையாது. இறக்கத்தில் ஓடாமல் நடப்பது.

நீண்ட ஓட்டத்துக்கு ஊருலகம் ஞாயிற்றுக்கிழமையை வைத்திருக்கிறது. கொடைக்கானலில் ஞாயிறு சந்தை, அதனால் அவருக்குப் புதன்கிழமை. விடிவதற்கு முன்னால் ரோட்டில் இறங்குவதும் இல்லை. நாயுடுபுரம் பக்கம் காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கும். இருட்டில் அதன் முன்னால் போய் முட்டினால், மாரத்தான் அல்ல, ஆஸ்பத்திரிதான். மே மாதம் சீசன் நெரிசலில் ஏரிப்பக்கமே போவதில்லை. ஓடப்போகும்முன் ஒரு விருப்பாச்சி மலைவாழைப்பழம், திரும்பி வந்து கேழ்வரகுக் களியோ கஞ்சியோ. கடையில் விற்கிற சக்திப் பொடி எதையும் அவர் வாங்கியதில்லை. ஷூ மட்டும் நல்லதாக வாங்கினார். அதில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஒன்று முக்கியம்: ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நீண்ட தூரம் ஓடக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

இரண்டாவது வருடம் டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 21.1 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தார். ‘மலையில ஓடுறவனுக்குக் கீழ ஓடுறது அல்வா சாப்பிடுற மாதிரி’ என்று ஏற்றிவிட்டவர்கள் நிறைய. அதில் பாதி உண்மை இருக்கிறது. 7,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கிற பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். கென்யாவின் பேர்போன ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கிற இட்டென் என்ற ஊர்கூடக் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பலரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்.

மீதிப் பாதியை வெயில் சொல்லிக்கொடுத்தது. குளிரில் வளர்ந்த உடம்புக்கு வியர்க்கத் தெரியவில்லை. 15 கிலோமீட்டர் வரை காற்றாகப் போனவருக்கு, அதன் பிறகு தலை கனத்து, கால் பின்னியது. நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார். 2 மணி 34 நிமிடத்தில் எல்லையைத் தொட்டார். தாகத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாமல் உப்புப் போட்ட நீர்மோர் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். வத்தலக்குண்டில் சொந்தக்காரர்கள் வீடு இருக்கிறது. ஆனால், தோட்டத்தைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் யார் போவது? வழி அண்டை வீட்டில் கிடைத்தது. அங்கே பசுமைக்குடிலில் கார்னேஷன் பூ வளர்க்கிறார்கள். இப்போது தினமும் மதியம் ஒரு மணி நேரம், அந்தக் கூரைக்கடியில் அவர்களுக்குக் களை எடுத்துக் கொடுக்கிறார். சட்டை பிழியப் பிழிய வியர்க்கிறது. ‘எனக்குச் சம்பளம் வேணாம், சூடு மட்டும் போதும் அண்ணே’ என்கிறாராம்.

அடுத்து சென்னை மாரத்தான், முழுத்தூரம், 42.195 கிலோமீட்டர். 30 கிலோமீட்டருக்கு மேல் தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்து உடம்பு நின்றுவிடும் என்று அனுபவசாலிகள் பயமுறுத்துகிறார்கள். அவர் இதுவரை 26-ஐத் தாண்டியதில்லை. போன மாதம் பார்த்த மூன்று மாத சராசரி 5.8. ஓட்டம் வருவது ஜனவரியில். தோட்டத்தில் பூண்டுக்குக் களை எடுக்கிற சமயம். வேலை கெடக் கூடாது என்று, அந்த வாரத்துக்கு இரண்டு ஆள்களிடம் சொல்லிவைத்து முன்பணமும் கொடுத்துவிட்டார், அவர் மனைவி.