ஐம்பதுக்குப் பின் ஒரு புதிய தொழில்



சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரர் என்னிடம் தனியே பேச வந்தார். 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்து, பெங்களூருக்கு ரயிலேறிய அநேகரில் அவரும் ஒருவர். அதன்பின் ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பணியில் இருபது ஆண்டுகளைக் கழித்திருந்தார்.

"ஐயா, எனக்கு 53 வயது. வேலையை விட்டு, அலுவலகம், கடைகளை வாடகைக்கு முடித்துக்கொடுக்கும் தரகுத் தொழிலில் இறங்க விரும்புகிறேன். சேமிப்பு முழுவதையும் போடட்டுமா? ஜெபியுங்கள்" என்றார்.

ஜெபிக்குமுன் என் தவற்றை அவரிடம் சொன்னேன். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் சபைக்காக ஒரு வணிகக் கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்தேன். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன். கட்டடத்தில் குடியேற மாநகராட்சியின் அனுமதிச் சான்று உண்டா என்று விசாரிக்கவில்லை. சொல்லப்பட்ட சதுர அடிக்குள் மாடிப்படியும் லிஃப்டும் அடங்கியிருந்ததையும் அறியேன். ஓராண்டுக்குள் காலிசெய்ய நேர்ந்தது. முன்பணத்தில் பாதி திரும்பவில்லை. வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்ற எனக்கு ஒரு வாடகை ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியவில்லை!

அன்று இச்சகோதரரைப் போன்ற ஒருவர் அருகில் இருந்திருந்தால்! எந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கும், ஜெனரேட்டர் எவ்வளவு தாங்கும், வண்டி நிறுத்த எத்தனை இடம் உண்டு என்பதெல்லாம் அவர் அறிவார். இளைஞருக்கு இல்லாத மூலதனம் அது.

பிரியமானவர்களே, வயது தடையல்ல, அவசரமே தடை. அலுவலக வாடகை பேசி முடிய மாதங்கள் செல்லும். அதன்பின்பே தரகு கைக்கு வரும். ஆகவே ஓராண்டுக் குடும்பச் செலவை ஒதுக்கி வையுங்கள். முதுமைக்கான பணத்தைத் தொடாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதை மறவாதிருங்கள். விற்பனையிலும் இறங்குவீர்களானால், 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி முகவராகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. இன்னுமொன்று: சபையாரைச் சந்தையாக்காதீர்கள்.

ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கியபோது 130 வயதைக் கடந்திருந்தார். நிலம், குகை, மரங்கள் யாவும் குறிக்கப்பட்டன. இலவசமாகப் பெற மறுத்து, நகரவாசலில் சாட்சிகள் முன்பாக 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். விசுவாசிகளின் தகப்பனே இத்தனை கவனமாயிருந்தாரென்றால், நாம் எம்மாத்திரம்?

அதன்பின் இருவரும் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். சகோதரர் வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில் ஒரு மூத்த தரகரோடு சென்று தொழில் கற்றுவருகிறார். சேமிப்பு வங்கியிலேயே இருக்கிறது.