கொடியும் கல்லும்: பேர்கண்டி நாட்டினூடே ஒரு துவிச்சக்கரவண்டிப் பயணம்

ஒரு நாட்டைக் கடந்து செல்லும் வேகமே அந்நாட்டைப் பற்றிய அறிவின் அளவையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது. புகையிரதத்தின் சாளரத்தருகே அமர்ந்திருப்பவனுக்கு நிலம் ஓடி மறையும் ஓவியமாகின்றது. மோட்டார் வண்டியில் விரைபவனுக்கு அது இரு நகரங்களுக்கு இடையிலுள்ள தூரமாக மட்டுமே எஞ்சுகின்றது. நடந்து செல்பவன் ஒவ்வொரு கல்லையும் காண்கின்றான்; ஆயின் ஒரு நாட் பொழுதில் அவன் காணக்கூடிய ஊர்கள் இரண்டோ மூன்றோதாம். துவிச்சக்கரவண்டியிற் செல்பவன் இவர்களுக்கு இடைப்பட்டவன். நிலத்தின் ஏற்றத்தை அவன் முழங்காலால் அறிகின்றான். காற்றின் திசையை முகத்தால் அறிகின்றான். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குமிடத்தை மதிலின் நிறமாற்றத்தால் அறிகின்றான். பிரான்சு தேசத்தின் கிழக்கே, டிஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கிக் குளூனி வரை நீளும் பேர்கண்டி நிலத்தை அறிவதற்கு இவ்வூர்தியே மிகப் பொருத்தமானது எனலாம்.

இப்பொருத்தத்திற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இந்நிலத்தின் நடுவே, சோன் நதிக்கரையில் அமைந்த சாலோன் நகரிற் பிறந்தவர் நிசெஃபோர் நியெப்ஸ். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம் அவர் 1826 அல்லது 1827 ஆம் ஆண்டில், சாலோனுக்கு அண்மையிலுள்ள தம் இல்லத்தின் சாளரத்திலிருந்து எடுத்ததேயாகும். ஒளிப்படத்தின் தந்தை என அவரை அறிந்தோர் பலர். அவருக்கு இரு சக்கர ஊர்தியிலும் நாட்டம் இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1817 இல் ஜேர்மனியரான கார்ல் ஃபொன் திரைஸ், மிதிகட்டை அற்றதும் காலால் நிலத்தை உந்திச் செலுத்துவதுமான ஓர் ஊர்தியை ஆக்கினார். அடுத்த ஆண்டே நியெப்ஸ் தமக்கென ஒன்றை அமைத்து, அதன் இருக்கையை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாகத் திருத்தி, நாட்டுப்புற வீதிகளில் ஓட்டினார். நிலத்தை நின்று பதிவுசெய்யும் கருவியையும், நிலத்தினூடே மெல்லச் செல்லும் கருவியையும் ஒரே மனிதர் ஒரே ஊர்ப்புறத்தில் ஆராய்ந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

டிஜோனிலிருந்து போன் நகர் வரையுள்ள ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் வழி, கிழக்கு நோக்கிச் சரியும் ஒரு தாழ்ந்த குன்றுத் தொடரின் அடிவாரத்திற் செல்கின்றது. ஜெவ்ரே, வூஜோ, வோன் முதலிய சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஊர்களுக்கு இடையே முந்திரிகைக் கொடிகளையன்றி வேறெதுவும் இல்லை. இச்சரிவின் இடைப்பகுதியில், சுண்ணக்கல்லும் களியும் கலந்த மண்ணில் விளைவதே தலைசிறந்த வைன். அடிவாரத்துச் சமவெளியில் விளைவது எளிய வகை. நூல்களிற் படமாக வரைந்து காட்டப்படும் இத்தரவரிசை, துவிச்சக்கரவண்டியிற் செல்பவனுக்குக் கால்களின் உழைப்பாகவே புலப்படுகின்றது. மிதிப்பது கடினமாகத் தொடங்குமிடத்தில் நிலத்தின் விலையும் ஏறத் தொடங்குகின்றது. இரண்டு ஹெக்டயருக்கும் குறைந்த பரப்புடைய ரொமனே-கொன்ரி என்னும் புகழ்பெற்ற தோட்டம், தாழ்ந்த ஒரு மதிலும் ஒரு கற்சிலுவையும் கொண்டு, பார்வைக்கு மிகச் சாதாரணமாக வீதியோரத்திற் கிடக்கின்றது. இவ்வாறு பெயரும் எல்லையும் பெற்ற சிறு நிலத்துண்டுகளை இந்நாட்டார் 'கிளிமா' என்பர். அவற்றுள் 1,247 துண்டுகளைக் கொண்ட இந்நிலப்பரப்பை யுனெஸ்கோ நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

கொடிகளுக்கிடையே நிலவும் அமைதியை இயற்கையின் கொடை என எண்ணுவது எளிது. ஆயின் அவ்வெண்ணம் முழுமையானதன்று. இங்குள்ள ஒவ்வோர் அமைதிக்கும் பின்னால் ஓர் இழப்போ ஒரு கைமாற்றமோ உண்டு.

1098 ஆம் ஆண்டிற் சித்தோ என்னும் சதுப்பு நிலத்தில் மடம் நிறுவிய துறவியர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வூஜோவில் நிலம் பெற்றுக் கொடி நட்டனர். ஏறத்தாழ ஐம்பது ஹெக்டயர் பரப்பைச் சுற்றி மதிலும் எழுப்பினர். ஒரே மாதிரித் தோன்றும் மண்ணிடையே உள்ள வேறுபாட்டை அறிய அவர்கள் மண்ணை நாவிலிட்டுச் சுவைத்தனர் என்பது செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தை ஒரே குழுவினர் கவனித்துவந்தமையால் நுண்ணிய அறிவொன்று திரண்டது என்பதில் ஐயமில்லை. 1789 நவம்பரிற் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் சொத்துக்களைத் தேசவுடைமையாக்கியது. பின்னர் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. 1804 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை, பிள்ளைகளிடையே சொத்தைச் சமமாகப் பிரிக்கும் நெறியை நிலைநாட்டியது. வூஜோவின் பெருந்தோட்டம் 1889 இற் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. இன்று அதே மதிலுக்குள் எண்பது அளவிலான உடைமையாளர் உளர். அவருட் சிலருக்கு உரியவை சில வரிசைக் கொடிகளே. வெளியிலிருந்து நோக்குவார்க்கு மதில் ஒன்று. உள்ளே எல்லைகள் பல. நீதியை நாடிய ஒரு சட்டம் நிலத்தின் முகத்தையே எவ்வாறு மாற்றிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

கொடிகளின் ஒழுங்கான வரிசைகளும் பழமையானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கு கொடிகள் வரிசையின்றி நெருக்கமாகவே வளர்ந்தன. மூத்த கொடியின் கிளையை மண்ணுட் பதித்துப் புதுக்கொடி ஆக்குவதே வழக்கம். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்னும் நுண்ணிய பூச்சி, வேர்களைத் தாக்கிப் பிரான்சின் தோட்டங்களை அழிக்கலாயிற்று. 1868 இற் பிளான்சோன் முதலிய அறிஞர் காரணத்தைக் கண்டறிந்தனர். பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே ஈற்றிற் கண்ட தீர்வாகும். ஒட்டுக் கொடிகளை நட்டபோதுதான் கம்பி கட்டிய நேர் வரிசைகள் பரவலாயின. ஆகவே, இன்று பயணியின் கண்ணைக் கவரும் ஒழுங்கு ஒரு பேரழிவின் பின்விளைவு; தொன்மையான பேர்கண்டிக் கொடி நிற்பதோ அந்நிய வேரின் மீது. தூய மரபு என்று பேசுவோர் இதனை மறத்தலாகாது.

போன் நகரில் வண்டியை நிறுத்தாது செல்வார் இலர். பேர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கொலா ரொலேனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் 1443 ஆம் ஆண்டில் ஏழைகளுக்கென நிறுவிய வைத்தியசாலை இங்குள்ளது. நூறாண்டுப் போர் என வழங்கும் நெடும் போரினாற் பஞ்சமும் நோயும் மலிந்திருந்த காலம் அது. பல வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரையே இன்று ஒளிப்படங்களிற் பெரிதும் காணப்படுவது. ஆயின் அதனுட் பார்க்க வேண்டியது நோயாளரின் நீண்ட மண்டபமேயாகும். இரு மருங்கும் செந்திரைகள் தொங்கும் கட்டில்கள். கட்டிலிற் கிடப்பவர் தலைதூக்கினாற் காணக்கூடியதாக ஒரு கோவில் முற்றம். 1452 முதல் 1971 இல் நோயாளர் புதிய கட்டடத்திற்கு மாற்றப்படும் வரை, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இங்கு நோயாளர் பராமரிக்கப்பட்டனர். அறச்சிந்தையுடையார் தோட்டங்களை இதற்கு எழுதிவைத்தனர். அத்தோட்டங்களின் வைன் 1859 முதல், பொதுவாக ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறன்று ஏலத்தில் விற்கப்பட்டு, அவ்வருவாய் வைத்தியப் பணிக்கு உதவுகின்றது. புரட்சியையும் போர்களையும் பூச்சியையும் இந்நிறுவனம் கடந்துநின்றமைக்கு அதன் கலையழகு மட்டும் காரணமன்று. அது ஒரு நாளேனும் பயனற்றுக் கிடக்கவில்லை என்பதே தலையாய காரணம்.

போனிலிருந்து பொமார், வொல்னே, மெர்சோ ஆகிய ஊர்களினூடாகச் சந்தெனே வரை துவிச்சக்கரவண்டிகளுக்கென வகுத்த வழியொன்று கொடிகளுக்கிடையே வளைந்து செல்கின்றது. அதன்பின் வழி, லுவார் நதியையும் சோன் நதியையும் இணைக்கும் கால்வாயின் கரையை அடைகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் படகுகள் செறிந்த பெருவழியாக விளங்கவே இக்கால்வாய் வெட்டப்பட்டது. இன்று அதில் உல்லாசப் படகுகளே மிகுதி. ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றர் நீளமான அடுத்த வழியோ, கைவிடப்பட்ட புகையிரதப் பாதையின் மீது 1997 இல் அமைக்கப்பட்டது. புகையிரதம் கடும் ஏற்றங்களை விரும்பாது. எனவே அது விட்டுச்சென்ற பாதையும் மிதிப்போர்க்கு மெல்லியதாக அமைந்துவிட்டது. பழைய நிலையங்கள் சில இன்று வண்டி வாடகைக்கு விடும் இடங்களாக உள்ளன. குளூனிக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேலான நீளமுள்ள பழைய சுரங்கம் ஒன்றும் வழியிற் சேர்ந்துள்ளது. குளிர்காலத்தில் அதனுட் துயிலும் வௌவால்களின் பொருட்டு அது மூடப்படுகின்றது. மனிதன் கைவிட்ட ஓரிடத்திற்குப் பறவையும் விலங்கும் பயணியும் புதுப் பயன் கண்டுவிடுகின்றனர்.

எனினும், எல்லாவற்றிற்கும் இவ்வாறு புதுப் பயன் வாய்ப்பதில்லை. குளூனி அதற்குச் சான்று. 910 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இம்மடம் ஐரோப்பா முழுவதும் கிளைகள் பரப்பியது. 1088 இல் தொடங்கிக் கட்டப்பட்ட அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீற்றர் நீளமுடையது. உரோமாபுரியிற் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும் வரை கிறித்தவ உலகில் இதனிற் பெரிய ஆலயம் இல்லை. இன்று அங்கு செல்பவன் காண்பது தென்புறக் கையின் ஒரு பகுதியையும் அதன்மீது எழும் எண்கோண மணிக்கோபுரத்தையுமே. முழுக் கட்டடத்தில் இது பத்தில் ஒரு பங்கும் இராது. பகைவர் படையெடுத்து வந்து இதனை அழித்தாரல்லர்; நிலநடுக்கம் வீழ்த்தியதுமன்று. 1798 இல் அரசு விற்றது, வணிகர் வாங்கினர், வெடிமருந்து வைத்தும் கற்களைப் பெயர்த்தும் கால் நூற்றாண்டுக் காலம், 1823 வரை, விலைக்கு விற்றனர். ஆலயத்தின் நடுவே ஒரு வீதி வெட்டப்பட்டது. முறையான உறுதிப் பத்திரங்களோடு, பட்டப் பகலில், அவசரமின்றி நிகழ்ந்த அழிவு இது. போர் வெறியின் அழிவைப் பழிப்பதற்கு உலகம் கற்றுக்கொண்டுள்ளது; கணக்கேட்டின் வழி நிகழும் அழிவை இனங்காண்பதற்கு இன்னும் நன்கு கற்றுக்கொள்ளவில்லை.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் கூறுதல் தகாது. அக்கற்கள் அயலவர் வீடுகளுக்குச் சுவராயின. மடத்தின் நிலங்கள் உழுவோர் சிலரின் கையையும் சேர்ந்தன. அமெரிக்க அறிஞர் கெனத் கொனன்ற் 1928 முதல் அகழ்ந்து ஆலயத்தின் அமைப்பைத் தாளில் மீட்டார். மடத்தின் எஞ்சிய கட்டடங்களில் இயங்கும் பொறியியற் கல்லூரியின் மாணவர் 1990களின் தொடக்கத்திற் கணினியில் அதனை மீள எழுப்பினர். கல்லிற் செத்தது அறிவிற் பிழைத்தது எனலாம். குளூனிக்கு வடக்கே, அதே வழியோரம், தெய்சே என்னும் சிற்றூர் உள்ளது. 1940 இற் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த றொஜே சூற்ஸ் இங்கு ஒரு வீட்டை வாங்கிப் போரின் அகதிகளுக்குப் புகலிடம் அளித்தார். அங்கு உருவான துறவியர் குழுவை நாடிக் கோடைதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர் வருகின்றனர். பேராலயம் ஏதுமின்றியே ஒரு மரபு மீளத் தளிர்ப்பதை இவ்வூர் காட்டுகின்றது.

இந்நிலத்தின் கதை முடிந்துவிடவுமில்லை. 1141 அளவிற் கன்னியர் பெற்ற 'குளோ தெ தார்' என்னும் தோட்டம் ஒன்பது நூற்றாண்டுகளில் மிகச் சிலரிடமே இருந்தது. 2017 இல் அதனைப் பெருஞ் செல்வக் குழுமம் ஒன்று வாங்கியது. சிறு குடும்பங்கள் தம் நிலத்தைப் பிள்ளைகளுக்குக் கையளிப்பதே கடினமாகும் அளவிற்கு விலைகள் உயர்ந்துள்ளன. வானிலையும் மாறுகின்றது. முந்திரிகை கொய்தோர்க்குக் கூலி வழங்கிய கணக்குகள் முதலியவற்றைக் கொண்டு, போன் நகரின் அறுவடை நாட்களை 1354 முதல் 2018 வரை ஆய்வாளர் தொகுத்துள்ளனர். 1988 இற்குப் பின் அறுவடை, முன்னைய நூற்றாண்டுகளிலும் பார்க்கச் சராசரி பதின்மூன்று நாட்கள் முந்திவிட்டது என்பது அவர் முடிபு. கூலிக் கணக்கை எழுதிய பழைய எழுத்தன், தான் பூமியின் வெம்மையை அளக்கின்றேன் என எண்ணியிருக்கமாட்டான்.

ஒரு மரபு வாழ்வதற்கு அதன் பெருமை போதாது. அதனால் யாருக்கேனும் அன்றாடம் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருத்தல் வேண்டும். போன் வைத்தியசாலைக்கு அது நோயாளரால் வாய்த்தது. இரும்புப் பாதைக்குத் துவிச்சக்கரவண்டியால் வாய்த்தது. குளூனியின் பேராலயத்திற்கு உரிய காலத்தில் வாய்க்கவில்லை. தம் காலத்தில் எவையெவை விலை பேசப்படுகின்றன, அவற்றுள் எவற்றிற்கு இன்னும் பயன் காணலாம் என்பதை எந்நாட்டுக் கற்றோரும் கற்கள் பெயர்க்கப்படுமுன் கேட்டாக வேண்டும். பின்னர் அகழ்ந்து வரையும் படங்கள் எவ்வளவு நுண்மையாயினும், அவற்றினுள்ளே எவரும் சென்று அமர முடியாது.