ஒரு 'பி' போதுமா, இரண்டு வேண்டுமா?

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் ஒருவர், "நல்ல பதிலை நம்பியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் முடிக்கப் பார்க்கிறார். 'ஹோப்பிங்' என்ற சொல்லில் ஒரு 'பி' போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டால் அது 'ஹாப்பிங்' ஆகிவிடும். அதாவது, பதில் வரும்வரை அவர் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம்! வாசிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடலாம்.

"இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கு லாஜிக்கே கிடையாது" என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பின்னொட்டு சேரும்போது நடக்கும் மாற்றங்களில் பலவற்றுக்கு ஒரே காரணம்தான்... மூலச்சொல்லின் ஓசை கெடக்கூடாது.

'ஹாப்' என்பதில் குறுகிய உயிர் ஒன்று, அதன்பின் ஒற்றை 'பி'. இதோடு 'இங்' சேரும்போது 'பி' இரட்டிக்காவிட்டால் முன்னால் உள்ள 'ஓ' நீண்டு ஒலித்துவிடும். இரண்டாவது 'பி' அதைத் தடுக்கும் காவல்காரன். 'ஹோப்' என்பதில் கடைசியில் ஒலிக்காத 'இ' ஒன்று உண்டு. 'இங்' வந்தால் அது விடைபெறும். மெய்யில் தொடங்கும் 'ஃபுல்' சேர்ந்தாலோ 'ஹோப்ஃபுல்' என்பதில் அந்த 'இ' அப்படியே இருக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதா என்ன? கல் + ஐ = கல்லை. ஆனால் கால் + ஐ = காலை. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும், நெடிலை அடுத்தது இரட்டிக்காது என்று நன்னூல் சொல்வது பள்ளியிலேயே படித்ததுதான். ஆங்கிலத்திலும் 'ஸ்டாப்பிங்' இரட்டிக்கும், 'ஸ்லீப்பிங்' இரட்டிக்காது. இரண்டு மொழிக்கும் உறவில்லை, காரணமும் வேறு. ஆனாலும் நினைவில் வைக்க இது நல்ல வழி.

நீளமான சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். 'பிகின்' கடைசியில் அழுத்தம் பெறுவதால் 'பிகின்னிங்' இரண்டு 'என்' பெறும். 'ஓப்பன்' முதலில் அழுத்தம் பெறுவதால் 'ஓப்பனிங்' என்பதில் ஒரே 'என்'. 'ரெஃபர்ட்' என்பதில் நடுவே இரண்டு 'ஆர்'. 'ரெஃபரன்ஸ்' என்பதில் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுவதால் ஒன்றுதான்.

'நோட்டீஸ்' சொல்லோடு 'ஏபிள்' சேரும்போது கடைசி 'இ' போகாது. போனால் 'சி' எழுத்து 'க' என்று ஒலித்துவிடும். 'பிக்னிக்' சொல்லோடு 'இங்' சேர்ந்தால் நடுவில் ஒரு 'கே' வருவதும் இதே பயத்தால்தான். இல்லாவிட்டால் அங்கே 'ஸ' ஓசை புகுந்துவிடும்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 'ட்ரூலி', 'ஆர்கியுமென்ட்' இரண்டும் காரணமில்லாமலே 'இ'யைத் தொலைத்தவை. 'டிராவலிங்' என்பதற்கு பிரிட்டனில் இரண்டு 'எல்', அமெரிக்காவில் ஒன்று. அமெரிக்காவில் இப்படிப்பட்ட எளிய வடிவங்கள் பரவ, நோவா வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட அகராதி பெரிதும் உதவியது. ஆகவே கணினி சிவப்புக் கோடு போட்டால் உடனே பயப்படவேண்டாம். அது எந்த நாட்டு ஆங்கிலத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். குறிலா, நெடிலா? அழுத்தம் எங்கே? பின்னொட்டின் முதல் எழுத்து உயிரா, மெய்யா? இந்த மூன்று கேள்விகளுக்கும் அடங்காத சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். சுமை பாதியாகக் குறைந்துவிடும்!