மின் அணைந்த வீட்டில் எது பேசும்?

மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டைக் கேட்க விரும்புவோர் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் இறக்கி, மறுநுனியிற் காதை வைப்பது வழக்கம். நீருக்குள் எழும் ஓசையின் பெரும்பகுதி நீர்ப்பரப்பைக் கடந்து காற்றுக்கு வருவதில்லை; மரத்தின் வழியே அது செவியை அடைகிறது. செய்தி எதுவாயினும், அது எவ்வழியாக வருகிறது என்பதே முதற் கேள்வி. வீட்டுக் காவலுக்கெனக் கம்பியில்லாக் கருவிகளை வாங்குவோர் பலர் கேட்க மறப்பதும் இக் கேள்வியையே.

நம்மூரில் இக் கருவிகள் பெரும்பாலும் அன்பின் வழியாகவே வந்து சேர்கின்றன. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் இங்கு பல. கல்லடியில் எம் அன்னையார் வாழும் வீடும் அத்தகையதே. ரொறன்ரோவிலிருந்து எம் தமக்கையார் கதவு உணரிகளை அனுப்பினார். அவற்றின் செய்தியை ஏற்கும் மையக் கருவியை இலண்டனிலிருந்து தம்பி அனுப்பினார். இரு பெட்டிகளிலும் ‘இசட்-வேவ்’ என்றே எழுதியிருந்தது. எனினும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை ஏறத்தாழ 908 மெகாஹேர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 868 மெகாஹேர்ட்ஸிலும் இயங்குவதே காரணம். பெயர் ஒன்று, அலைவரிசை வேறு. இலங்கையில் அலைவரிசைகளின் பயன்பாட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நெறிப்படுத்துகிறது. ஆகவே வெளிநாட்டுக் கருவியைத் தருவிக்குமுன் அதனையும் விசாரித்தறிதல் நன்று.

ஏனைய முறைகளை நோக்குவோம். 1997இல் முதல் விதிமுறை வகுக்கப்பட்ட வைபை, கமராவின் படங்களைச் சுமக்க வல்லது. ஆனால் மின்பசி மிக்கது. 2004இல் விதிமுறை பெற்ற சிக்பீ, விநாடிக்கு 250 கிலோபிட் மட்டுமே அனுப்பும். படத்துக்கு அது போதாது. ‘கதவு திறந்தது’ என்னும் ஒரு சொல்லுக்குத் தாராளம். சிக்பீ உணரி பெரும்பொழுதும் உறங்கும். கதவு அசைந்தால் விழித்துச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். இதனால் காசளவு மின்கலம் ஒன்று ஓராண்டுக்கு மேலும் நிலைக்கக் கூடும். இது பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை உலகெங்கும் பொதுவானது. எனவே ரொறன்ரோவில் வாங்கியதும் இலண்டனில் வாங்கியதும் இங்கு ஒரே அலைவரிசையிற் பேசும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. 868 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அது 12 சென்ரிமீற்றர் அளவே. பொதுவாகக் குறுகிய அலை தடித்த சுவரையும் மழையில் நனைந்த சுவரையும் கடக்கையில் அதிகம் மெலியும். இதனை ஈடுசெய்யவே, மின்னிணைப்பில் உள்ள குமிழ்களும் செருகிகளும் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் வலைப்பின்னலைச் சிக்பீயிற் கண்டனர். இசட்-வேவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

இங்கேதான் நம் நாட்டு அனுபவம் குறுக்கிடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். மின் நின்றால் குமிழும் நிற்கும். கைமாற்றுவோர் இல்லாமற் போவர். கதவிலுள்ள உணரி மின்கலத்தின் பலத்தில் விழித்துக் கூவினாலும் கேட்பாரில்லை. கள்வன் விரும்பும் இருளில் காவல் ஊமையாகிவிடும். 2022 ஒக்டோபரில் வெளியான ‘மாட்டர்’ என்னும் பொதுமொழி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது, பெரும் நன்மைதான். ஆனால் மின் நின்ற வீட்டில் அதற்கும் இதே சோதனை உண்டு.

ஆதலால் நாம் கதவுகளுக்குச் சிக்பீ உணரிகளைத் தேர்ந்து, மையக் கருவியை வீட்டின் நடுக்கூடத்தில் வைத்தோம். குமிழ்களின் துணையின்றி ஒவ்வோர் உணரியும் அதனை நேரே எட்டுகிறதா என்று பார்த்தோம். அதற்கும் இணைய ரவுட்டருக்கும் சேமிப்பு மின்கலம் பொருத்தினோம். இணையம் அறுந்தாலும் ஒலிக்கும் அபாயமணி ஒன்றையும், தனக்கெனச் சொந்த மின்கலம் உடையதாகத் தேடி, அயல்வீட்டார் செவிக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். ரொறன்ரோவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாலும், ஓடி வரக்கூடியவர் அயலவர்தாமே!

கமராவைப் பொறுத்தவரை, அன்னையாரின் அறையிலும் ஒன்று வேண்டுமென்று தம்பி வற்புறுத்தினார். அவரது கவலை நியாயமானது; விழுந்துவிட்டால் யார் அறிவர்? ஆனால் அன்னையார் கேட்டது ஒன்றே: “இதுக்குள்ளால ஆரு மனே பாக்கிற?” பிள்ளைகள்தான் என்று சொன்னோம். “நான் உடுப்பு மாத்தக்கையும் பிள்ளைகள்தானா?” என்றார். அதற்கு எந்த விதிமுறையிலும் விடை இல்லை. கமரா படலையை நோக்கி மட்டும் நிற்கிறது. கட்டிலருகே அவர் தாமே அழுத்தி அபாயமணியை ஒலிக்கச் செய்யும் சிறு பொத்தான் ஒன்று இருக்கிறது.

மாணவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் எளிய பரீட்சை ஒன்று சொல்வோம். கருவிகளைப் பூட்டிய அன்று மாலையே வீட்டின் பிரதான ஆளியை இறக்குங்கள். பின்னர் பின்கதவைத் திறந்து பாருங்கள். மணி ஒலித்தால் அக் கருவிக்குக் கொடுத்த பணம் வீணன்று.