அத்தை வரமாட்டாராம்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிறது இடைசெவல். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு எழுத்தாளர்கள் பிறந்த ஊர். 1970-லும் 1991-லும் சாகித்திய அகாதமி பரிசு வாங்கியவர்கள். எனக்கு அது புகுந்த ஊர், அவ்வளவுதான்!

வந்த புதிதில் ஐப்பசி மழை. கரிசல் சேறு செருப்பையே பிடுங்கிக்கொண்டது. அழாத குறை எனக்கு. மாமியார் சிரித்தார்: "மழை நின்ன பொறகும் இந்த மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும் தாயி. அதுலதான் பருத்தி பொழைக்கு."

பிள்ளைகள் படிப்புக்காக நாங்கள் கோவில்பட்டிக்கு வந்து ஏழு வருஷமாகிறது. அத்தை மட்டும் அங்கேயே. போன வாரம் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு. கூட்டிவரப் போனேன். ஒற்றைக் கையால் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

"உளுந்து காய் முத்தி நிக்கு. எடுத்துட்டு வாரேன்."

எட்டு நாளாகிறது. நான்தான் இங்கே தங்கியிருக்கிறேன். உளுந்து பிடுங்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை.